சீழ்க்கொப்புளச் சொரியாசிஸும் ஸ்டீரொய்ட் குளிசைகளும்: ஒரு நிலைப்பாட்டு அறிக்கை

தொண்டைமானாறு உள்ளிட்ட வடமராட்சிப் பகுதியில் தோல் நோயாளரின் நலனை முன்னிட்டு இயங்கும் இவ்வமைப்பு, உடல் முழுவதும் சீழ்க்கொப்புளங்கள் பரவும் அரிய வகைச் சொரியாசிஸ் தொடர்பில் தனது நிலைப்பாட்டைப் பின்வருமாறு அறிவிக்கிறது: வைத்தியரின் மருந்துத் துண்டின்றித் தோற்படைகளுக்கு ஸ்டீரொய்ட் குளிசைகளை விற்பதும் வாங்கி உட்கொள்வதும் கைவிடப்பட வேண்டும்; ஆயினும், அவற்றை ஏற்கெனவே உட்கொண்டு வருபவர் எவரும் வைத்தியரைக் கேளாமல் திடீரென நிறுத்துதல் ஆகாது.

லியோ வொன் சும்புஷ் 1910இல் விவரித்த இந்நோய், காய்ச்சலும் நடுக்கமும் கூடி, சிவந்து எரியும் தோலின் மீது ஊசிமுனையளவான வெண்மஞ்சட் புள்ளிகளாய்த் தொடங்குகிறது. அப்புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து சீழ் தேங்கிய பரப்புகளாகி, பின்னர் காய்ந்து செதிலாக உரிகின்றன. அச்சீழில் கிருமிகள் இல்லை; நியூட்ரோபில் எனப்படும் வெள்ளணுக்களே திரண்டுள்ளன. எனவே இது தொட்டாலோ உடனிருந்து உண்டாலோ ஒட்டுவதன்று. தொண்டைமானாற்றிலுள்ள செல்வச் சந்நிதி முருகன் கோவில் மடங்களின் அன்னதானப் பந்தியில் இந்நோயாளரை விலக்கி அமர்த்துவதற்கு மருத்துவ நியாயம் எதுவும் இல்லை என்பதை இவ்வமைப்பு அழுத்தமாகக் கூறுகிறது.

நோயின் மூலம் நெடுங்காலம் விளங்காதிருந்தது. தோலின் அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின்-36 என்னும் புரதத்தைக் கட்டுப்படுத்தும் மரபணுவில் ஏற்படும் பழுது நோயாளர் சிலரிடம் காணப்படுவதை 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. தடுப்பு இல்லாத வண்டியைப் போல அழற்சி கட்டின்றி ஓடுவதே இதன் விளைவு. எனினும் நோயாளர் அனைவரிடமும் அப்பழுது இருப்பதில்லை. தொற்று, கருத்தரிப்பு, இரத்தத்தில் கல்சியம் குறைதல், சில மருந்துகளை உட்கொள்ளுதல் அல்லது திடீரென நிறுத்துதல் ஆகியனவும் நோயைக் கிளப்பக்கூடும். இவற்றுள் மனிதரால் எளிதில் தவிர்க்கக்கூடியது, சாதாரணச் சொரியாசிஸுக்கென உட்கொண்ட ஸ்டீரொய்ட் குளிசையைச் சட்டென விட்டுவிடுவதே. குளிசை உண்ணும்போது படை மங்குவதால் நோயாளர் குணமடைந்ததாக நம்புகிறார். நிறுத்தியபின் நோய் முன்னிலும் கொடிதாகத் திரும்பக்கூடும். ஸ்டீரொய்ட் தன்னளவில் தீய மருந்தன்று. வேறு பல நோய்களில் உயிர்காக்கும் அம்மருந்து, கண்காணிப்பின்றி உட்கொள்ளப்படுவதே இங்கு தீமையாகிறது.

கடுமையான தாக்கத்தின்போது வைத்தியசாலையில் அனுமதித்து, நீரிழப்பையும் உடல்வெப்பத்தையும் தொற்றையும் கவனித்தபடியே சிகிச்சை அளிக்க வேண்டும். அசிட்ரெட்டின், சைக்ளோஸ்போரின், மெதொட்ரெக்சேட் ஆகியன நீண்டகாலமாகப் பயன்படுகின்றன. இவற்றுள் அசிட்ரெட்டின் கருவைச் சிதைக்கக்கூடியது. அதை நிறுத்திய பின்னரும் மூன்று ஆண்டுகள் கருத்தரித்தலைத் தவிர்க்க வேண்டும் என்பதை இளம்பெண்களுக்குத் தெளிவாகச் சொல்லாமல் அம்மருந்தைக் கொடுப்பது பொறுப்பற்ற செயலாகும். இன்டர்லூகின்-36இன் ஏற்பியையே மறிக்கும் ஸ்பெசொலிமாப் என்னும் மருந்துக்கு 2022இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. விலை மிகுந்த அம்மருந்து அரச வைத்தியசாலைகளின் வழியே ஏழை நோயாளருக்கும் கிட்டச் சுகாதார அமைச்சு வழிகாண வேண்டும்.

காளாஞ்சகப்படை என்று சித்த மருத்துவம் சொரியாசிஸைக் குறிப்பிட்டு, வெட்பாலைத் தைலம் முதலியவற்றைப் பயன்படுத்தி வருகிறது. அம்மரபை இவ்வமைப்பு மதிக்கிறது. ஆயினும் சீழும் காய்ச்சலும் கண்ட நிலையில் தைலப் பூச்சையோ ஆற்று நீராடலையோ நம்பிக் காலம் தாழ்த்துவதை ஏற்க இயலாது. அத்தகைய நோயாளரைச் சித்த வைத்தியர்களும் மருந்தக உரிமையாளர்களும் உறவினரும் அன்றே மந்திகையிலுள்ள பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைக்கோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ அனுப்பிவைக்க வேண்டும். அதுவரை உட்கொண்ட குளிசைகளின் வெற்றுறைகளையும் கையோடு கொடுத்துவிட வேண்டும்.