நன்றிக் கடன் எங்கே?

சிதம்பரம் மருத்துவ மாணவர்களை நாடு மறந்துவிடலாம், நாம் மறப்பதற்கில்லை.

2013-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அரசின் பொறுப்பில் வந்தது. ஆயினும் இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு 5 லட்சத்துக்கு மேல்! பிற அரசுக் கல்லூரிகளிலோ 13 ஆயிரத்துச் சொச்சம்! 2020 டிசம்பரில் மாணவர் அறப்போர் மூண்டது. 50 நாட்களுக்கு மேல் அசையாது நின்றனர். 2021-இல் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறியது, கட்டணமும் இறங்கியது.

இன்று அங்கே படிப்போர் யாருக்கு நன்றி சொல்வது? பாடம் சொன்ன பேராசிரியருக்கு மட்டுமா? கட்டணமும் கொள்கைதான், கொள்கையை மாற்றலாம் என்று காட்டிய மூத்த மாணவர்க்கும் அல்லவா!

சரி, வழிகாட்டிக்கு நன்றி என்பது மாலையா, மேடையா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் எழுந்தது அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. 1955-இல் அங்கே சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் மறையும் வரை ஏழை நோயாளியை விட்டு அகலவில்லை. அதுவன்றோ நன்றி!

காடாம்புலியூர் வட்டாரத்தில் முந்திரி உடைக்கும் தாயின் கை தோட்டெண்ணெய் பட்டு வேகிறது. தம்பி, தங்கையே! உங்கள் கட்டணம் குறைந்ததே, மிச்சத்தைக் கட்டுவது யார்? அந்தத் தாயின் வரிப்பணம்! அவள் கைக்கு மருந்திடுங்கள். அவளுக்காகக் கோட்டைக் கதவையும் தட்டுங்கள். கடன் தீர வேண்டிய இடம் அதுவே என்போம் நாம்!