திடலும் பள்ளிக்கூடமே

பள்ளி விட்டு வந்த பிள்ளை பந்தைத் தேடினால், "விளையாட்டா சோறு போடும்? புத்தகத்தை எடு!" என்று அதட்டும் பெற்றோர் நம் தோட்டங்களில் அநேகர். இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு ஓடி, மரம் வெட்டி, பால் சுமந்தவர்கள், தம் பிள்ளையாவது இந்தக் கத்தியைத் தொடக்கூடாது என்று ஏங்குவதால் எழும் அதட்டல் அது. அந்த ஏக்கத்தை நாம் குறைகூற மாட்டோம். ஆனால், விளையாட்டைப் பறித்தால் படிப்பு வளரும் என்பது தப்புக் கணக்கு.

5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-ல் கூறியது. நீரிழிவு வீட்டுக்கு வீடு புகுந்துவிட்ட நம் சமூகத்திற்கு இதை விளக்க வேண்டியதில்லை. படிப்பைப் பற்றித்தான் கவலை என்பீர்களானால், அரசாங்கப் பல்கலைக்கழகத்திற்கு மாணவரை எடுக்கும் புள்ளிக் கணக்கைப் பாருங்கள். 100-ல் 90 பாடத்திற்கு, 10 புறப்பாட நடவடிக்கைக்கு. ஒரு புள்ளியில் இடம் தவறிப்போகும் காலத்தில் பத்துப் புள்ளி சிறிதா?

1966-ல் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் எம். ஜெகதீசன் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். ஓடிய கால்களால் அவர் படிப்புக் கெடவில்லை. மருத்துவம் படித்து டாக்டரானார். அதே போட்டியில் பெண்களுக்கான 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றவர் எம். ராஜாமணி. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், பத்து வயதானதும் பெண்பிள்ளையைத் திடலிலிருந்து கூப்பிட்டுக்கொண்டு போய்த் தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் வழக்கம் நம்மிடையே முற்றும் ஒழிந்தபாடில்லை. ராஜாமணியின் வீட்டாரும் அப்படிச் செய்திருந்தால்?

பதக்கம் எல்லாருக்கும் கிடைக்காது, கிடைக்கவும் வேண்டாம். பந்தைத் தானே வைத்துக்கொள்ளாமல் கூட்டாளிக்குத் தள்ளவும், தாமே தேர்ந்த தலைவன் சொல்லுக்குக் கட்டுப்படவும், தோற்றபின் எதிரியின் கையைக் குலுக்கவும் திடலில்தான் பிள்ளை பழகுகிறான். சங்கத்திற்கு வேண்டிய குணமும் இதுதான். இங்கே கிராணிமாராகிய நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் லயத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து புழுதியில் புரள்வதை நம்மில் சிலர் இன்றும் விரும்புவதில்லை. கூட்டத்தில் ஒற்றுமை பேசிவிட்டு, வீட்டு வாசலில் வேலி போடலாமா?

பெற்றோர் இசைந்தாலும் இன்னும் இரண்டு தடைகள் இருக்கின்றன. ஒன்று, பள்ளி வேன். 2011-ல் கல்வியமைச்சு 'ஒரு மாணவர் ஒரு விளையாட்டு' என்ற கொள்கையைக் கொண்டுவந்தது. கொள்கை நல்லதே. ஆனால் மணி அடித்ததும் வேன் புறப்பட்டுவிட்டால், தூரத் தோட்டத்துப் பிள்ளை மாலைப் பயிற்சிக்கு எப்படி நிற்பான்? வாரத்தில் இரண்டு நாள் வேனைத் தாமதமாக எடுக்கப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் மூலம் பேசுங்கள். கூடுதல் கூலியைப் பகிர்ந்துகொண்டால் ஆளுக்குப் பெருஞ்சுமை ஆகாது.

மற்றது, திடல். ரப்பர் போய்ச் செம்பனை வந்த இடங்களில் பந்துத் திடலின் ஓரம் வரை கன்று நட்டதை நாம் பார்த்திருக்கிறோம். இரண்டு வெள்ளைக் கம்பங்கள் மட்டும் கன்றுகளுக்கிடையே நின்றன. நட்ட பிறகு பிடுங்கச் சொல்வது எளிதல்ல. ஆகவே, கிளைச் செயலாளர்கள் அடுத்த கூட்டத்திலேயே தங்கள் தோட்டத்துத் திடலின் நிலையை விசாரித்து, அதைத் திடலாகவே விட்டுவைக்கும்படி நிர்வாகத்திற்கு எழுத்து மூலம் எழுதி, அதன் நகலை நமக்கும் அனுப்புமாறு வேண்டுகிறோம். புல் வெட்டும் செலவைச் சாக்குச் சொன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தோங்-ரோயோங்கில் நாமே வெட்டிவிடலாம். கத்தி பிடிக்க நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.