தொட்டியில பூண்டு: தாளுக்கு வளருங்க, தட்டைக் கவுத்துடுங்க

வில்லியனூர், பாகூர் பக்கத்துல இருந்து ஓ.பி.க்கு வர்றவங்க மாத்திரை பத்திக் கேட்டு முடிச்சதும் அடுத்ததா கேக்கற கேள்வி இது: "டாக்டர், வீட்டுலயே தொட்டியில பூண்டு போட்டிருக்கேன். தினமும் சாப்பிட்டா பி.பி. மாத்திரையைக் குறைச்சுக்கலாமா?"

2024-ல பூண்டு கிலோ 400 ரூபாயைத் தாண்டினதுல இருந்தே தொட்டிப் பூண்டு மேல ஆசை கூடிடுச்சு. ஒரு பல்லை ஊன்றி, கை நிறையக் குண்டுப் பூண்டு பிடுங்கிக் காட்டுற வீடியோவைப் பார்த்தா யாருக்குத்தான் ஆசை வராது?

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். தொட்டியில பூண்டு தாராளமா வளருங்க. ஆனா நம்ம ஊர்ல அது வெங்காயத்தாள் மாதிரி ஒரு தாள் பயிர். குண்டு எதிர்பார்க்காதீங்க. மருந்துன்னு நம்பாதீங்க. அந்தப் பூண்டால உடம்புக்குக் கிடைக்கற நல்லதைவிட, தொட்டிக்கு அடியில இருக்கற தட்டுல நிக்கிற தண்ணியால வர்ற கெடுதல் பெருசு. நான் இதை எழுதறதே அந்தத் தட்டுக்காகத்தான். ஆனாலும் பூண்டுல இருந்தே வர்றேன், இல்லேன்னா பாதியிலேயே போயிடுவீங்க.

ஏன் குண்டு வராது? பூண்டுக்குக் குளிர் வேணும். வளர்ற பருவத்துல சில வாரமாவது நல்ல குளிர் பட்டாத்தான் அடியில பல் பல்லாப் பிரிஞ்சு குண்டு கட்டும். பகல் நீளமும் கூடணும். புதுச்சேரியில ஜனவரி விடியற்காலையில கூட 20 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். வருஷத்தோட நீளமான பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடாது. கொடைக்கானலும் நம்மைப் போலத் தெற்குலதான் இருக்கு. ஆனா அங்க மலைக்குளிர் இருக்கு, அதுக்குப் பழகின ரகமும் இருக்கு. அதனாலதான் கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ல புவிசார் குறியீடு வாங்குற அளவுக்கு வளருது. நம்ம கடைக்கு வர்ற மத்த பூண்டுல பெரும்பங்கு மத்தியப் பிரதேசம் மாதிரி குளிர்கால ஊர்கள்ல விளையுறது.

நம்ம தொட்டியில அதே பல்லை ஊன்றினா ஜோரா முளைக்கும், பச்சைப் பசேல்னு நிக்கும். மூணு நாலு மாசம் கழிச்சுப் பிடுங்கிப் பார்த்தா சின்ன வெங்காயம் மாதிரி ஒரே ஒரு உருண்டை, இல்லேன்னா வெறும் வேர். உங்க கைராசியில ஒண்ணும் குறை இல்லை, நம்ம ஊரோட வெப்பம் அப்படி. ஃப்ரிட்ஜ்ல சில வாரம் வச்சு ஊன்றிப் பார்க்கறவங்களும் இருக்காங்க. செஞ்சு பாருங்க, உத்தரவாதம் மட்டும் கேக்காதீங்க.

ஆனா அந்தத் தாள் இருக்கே, அது நல்ல பொருள். பூண்டு வாசம் முழுசா இருக்கும், காரம் மட்டும் மெத்துனு இருக்கும். காஞ்ச மிளகாய், உளுந்து, கொஞ்சம் புளியோட வதக்கி அரைச்சா துவையல். ரசத்துல கடைசியாத் தூவலாம், தோசை மாவுல கலக்கலாம், கருவாட்டுக் குழம்புலயும் போடலாம். மருத்துவரா எனக்கு இதுல ஒரு சுயநலம் உண்டு. வாசமுள்ள பொருள் தட்டுல இருந்தா உப்பைக் குறைச்சாலும் சாப்பாடு சப்புனு இருக்காது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள, அதாவது சுமாரா ஒரு டீஸ்பூன் உப்புக்குள்ள நிறுத்தச் சொல்லுது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூணும் இருக்கற சாப்பாட்டுல அந்தக் கணக்கு எங்க நிக்கும்? ஊறுகாய் வைக்கிற இடத்துல உப்பு குறைச்ச தாள் துவையல் ஒரு கரண்டி வந்தா உங்க பி.பி.க்கு அது நல்லது. பூண்டு பண்ற நல்லதைவிட, உப்பு குறைஞ்சதால வர்ற நல்லதுதான் எனக்கு முக்கியம்.

வளர்க்கறது சுலபம். அரை அடி ஆழத் தொட்டி போதும். வில்லியனூர்க்காரங்க பிளாஸ்டிக் தேடி அலைய வேண்டாம், புவிசார் குறியீடு வாங்கின சுடுமண் வேலை உங்க ஊர்லயே இருக்கு. அடியில ஓட்டை கட்டாயம். மண், மக்கின தொழு உரம், கொஞ்சம் மணல். பெரிய பல்லா எடுத்து, தோலை உரிக்காம, கூர் மேல பார்க்க ஒரு அங்குல ஆழத்துல ஊன்றுங்க. தாளுக்குத்தானே, ரெண்டு அங்குல இடைவெளி தாராளம். அடைமழை நேரா விழாத, ஆனா வெயில் படற இடமாப் பாருங்க. ஈரம் நின்னா பல் அழுகிடும். தாள் ஒரு சாண் வந்ததும் அடியில ரெண்டு அங்குலம் விட்டு நறுக்குங்க. ரெண்டு மூணு தடவை திரும்பத் துளிர்க்கும். அப்புறம் சோர்ந்துடும், புதுப் பல் ஊன்றிக்கலாம். மேற்கொண்டு சந்தேகம்னா குரும்பாப்பேட்டுல இருக்கற வேளாண் அறிவியல் நிலையத்துல கேளுங்க. எனக்குத் தெரிஞ்ச விவசாயம் இவ்வளவுதான்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பாச் சொல்லணும். வயக்காட்டுல பூச்சிமருந்து வந்த கேனை வெட்டித் தொட்டியாக்காதீங்க. பத்து தடவை கழுவினாலும் வேண்டாம். சாப்பிடற பொருள் அதுல வளரக்கூடாது. சர்க்கரை நோய் இருக்கறவங்க வெறுங்காலோட மண்ணுல நிக்காதீங்க, கையில காயம் இருந்தா கையுறை போடுங்க.

இப்போ முதல் கேள்விக்கு வர்றேன். பூண்டை நசுக்கும்போது அல்லிசின்னு ஒரு பொருள் உருவாகுது. 1944-லேயே அதைப் பிரிச்செடுத்து, கிருமிகளுக்கு எதிரா வேலை செய்யுதுன்னு ஆய்வகத்துல காட்டிட்டாங்க. ஆனா ஆய்வகக் கண்ணாடித் தட்டுல நடக்கறது எல்லாம் உடம்புக்குள்ள நடக்காது. பி.பி. உள்ளவங்களுக்குப் பூண்டு மாத்திரை கொடுத்த சில ஆய்வுகள்ல அழுத்தம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. மாத்திரையை நிறுத்தற அளவுக்கு அது இல்லை. நிறுத்திட்டு, வாய் கோணி, ஒரு பக்கம் கை கால் விழுந்து வர்றவங்களை நாங்க பார்க்கறோம். இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, வினிகர், தேன் காய்ச்சிக் குடிச்சா இதய அடைப்பு கரையும்னு ஒரு வாட்ஸ்அப் செய்தி வருஷக்கணக்கா சுத்துது. ரத்தக்குழாய் அடைப்பு கழிவுநீர்க் குழாய் அடைப்பு மாதிரி இல்லை. குழாய்ச் சுவருக்குள்ளேயே கொழுப்பும் சுண்ணாம்பும் படிஞ்சு உருவாகுறது. கஷாயம் அதைக் கரைக்காது.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் சாப்பிடறவங்க சமையல்ல போடற பூண்டுக்குப் பயப்பட வேண்டாம். ஆனா மருந்து மாதிரி பச்சைப் பூண்டு நிறையவோ பூண்டு கேப்சூலோ எடுத்தா உங்க டாக்டர்கிட்ட சொல்லுங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி கட்டாயம் சொல்லுங்க. ரத்தம் உறையறது தாமதமாகலாம். சளிக்குன்னு பச்சைக் குழந்தை நெஞ்சுலயும் பாதத்துலயும் நசுக்கின பூண்டை வச்சுக் கட்டுற ஆயாக்களுக்கு: தோல் வெந்து கொப்புளமாயிடும், தயவுசெஞ்சு வேண்டாம்.

சரி, தட்டு.

பூண்டு ஊன்ற நம்ம ஊர்ல ஏத்த காலம் அக்டோபர் கடைசியில தொடங்குது. வடகிழக்குப் பருவமழையும் அப்போதான். டெங்கு ஏறுறதும் அப்போதான். டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போகாது. உங்க வீட்டுல ஓரளவு தெளிவா நிக்கிற தண்ணியைத்தான் தேடும். செடித் தொட்டித் தட்டு அதுக்கு வாடகை இல்லாத வீடு. மழை பெய்யுற வாரத்துல அந்தத் தட்டு காயவே காயாது. முட்டையில இருந்து பறக்கற கொசு வர ஏழிலிருந்து பத்து நாள் போதும். அது ரொம்ப தூரம் பறக்காது. பெரும்பாலும் தான் பிறந்த வீட்டையும் பக்கத்து வீட்டையும்தான் கடிக்கும், அதுவும் பகல்ல.

தண்ணியைக் கொட்டிட்டா முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. முட்டையைத் தண்ணிக்குச் சற்று மேல, தட்டோட ஓரத்துல ஒட்டி வைக்கும். காஞ்சாலும் மாசக்கணக்கா உயிரோட கிடக்கும், அடுத்த மழைக்குப் பொரியும். அதனால வாரம் ஒரு நாள் தட்டைக் கவுத்து, நாரால ஓரத்தை அழுத்தித் தேய்ச்சுக் கழுவணும். அதைவிடச் சுலபம், தட்டே வேண்டாம். ரெண்டு செங்கல் வச்சு அதுமேல தொட்டியை ஏத்துங்க. தட்டு வேணும்னா அதுல மணலை நிரப்பிடுங்க, ஈரம் மணல்ல தங்கும், கொசுவுக்கு இடம் இருக்காது. காலித் தொட்டி, பூவாளி, கொட்டாங்குச்சி, கொல்லையில கிடக்கற ஆட்டுக்கல் குழி, ஃப்ரிட்ஜ் பின்னாடி இருக்கற தட்டு எல்லாத்தையும் அதே நாள்ல பார்த்துடுங்க.

1975-ல இருந்து கொசு ஆராய்ச்சிக்குன்னே ஒரு மத்திய அரசு நிறுவனம் புதுச்சேரியில இருக்கு. அவ்வளவு ஆராய்ச்சி நம்ம ஊர்லயே நடந்தும், ஒவ்வொரு வீட்டுத் தட்டையும் கவுக்க அவங்களால வர முடியாது. கொம்யூன் ஊழியர் வந்து மருந்தடிக்கட்டும்னு காத்திருக்கறது எனக்குச் சரியாப் படலை. புகை, பறக்கற கொசுவைத்தான் கொல்லும். தட்டுல நெளியற புழுவுக்கு அது தெரியவே தெரியாது.

"பூண்டு வச்சா கொசு அண்டாதே?"ன்னு கேப்பீங்க. அண்டும். பூண்டுச் செடிக்கு அடியில இருக்கற தண்ணியிலேயே முட்டை வைக்கும். பூண்டு சாப்பிட்டவங்களையும் கடிக்கும், அதைச் சோதிச்சும் பார்த்துட்டாங்க. டெங்கு வந்தா பூண்டுச் சாறு தட்டணுவை ஏத்தும்ங்கறதுக்கும் ஆதாரம் இல்லை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், நிறைய நீராகாரம், ரத்தப் பரிசோதனை. வலி ஊசி, ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் நீங்களா எடுக்காதீங்க. காய்ச்சல் இறங்கற நேரத்துலதான் கவனம் வேணும். விடாத வயித்துவலி, தொடர் வாந்தி, எங்கயாவது ரத்தம், குழந்தை சோர்ந்து படுத்தே கிடக்கறது, இதுல ஒண்ணு இருந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காம ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க.

கார்த்திகை தீபத்தை ஒட்டி ஊன்றினா பொங்கல் வாக்குல முதல் தாள் நறுக்கலாம். ஃபோட்டோ எடுத்து கமெண்ட்ல போடுங்க. எடுக்கும்போது தொட்டிக்கு அடியில என்ன இருக்குன்னும் தெரியற மாதிரி எடுங்க, நான் அதைத்தான் முதல்ல பார்ப்பேன்.