மேடையில்லாத ஒரு மாலை

“வீடியோ விளையாட்டைக் காட்டவும் ஒரு விழாவா? தமிழ்ச் சங்கத்திற்கு வேறு வேலை இல்லையா?” என்று நண்பர்கள் சிலர் கேட்கின்றனர். விடை சொல்ல நான் கடமைப்பட்டவன். சென்ற பிப்ரவரியில் விடுதியின் பொது அறையில் அந்த மாலையைக் கூட்டியவர்களுள் நானும் ஒருவன்.

முதலில் ஒரு பழைய செய்தி. 1958-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் பார்வையாளர் நாள். வருவோர் சலிப்படையக் கூடாதே என்று எண்ணினார் வில்லியம் ஹிகின்பாதம் என்ற இயற்பியலறிஞர். அங்கிருந்த கணிப்பொறியை ஆஸிலோஸ்கோப்போடு இணைத்தார். திரையில் ஒளிப்புள்ளி ஒன்று பந்தாகத் துள்ளியது. இருவர் டென்னிஸ் ஆடினர். மக்கள் வரிசையில் நின்றனர்! அவர் அதற்குக் காப்புரிமை கோரவில்லை. நாம் செய்ததும் ஏறத்தாழ அதுவே.

நான்கு மடிக்கணினிகள், மாணவர்களே ஆக்கிய ஆறு விளையாட்டுகள், பாய்லர் நிறையத் தேநீர். பொன்னாடையும் இல்லை, வரவேற்புரையும் இல்லை (இதற்காகவே பலர் வந்தனர் என்பது என் ஐயம்). விதி ஒன்றே ஒன்று: ஆக்கியவர் தம் விளையாட்டின் அருகில் நிற்க வேண்டும், ஆனால் வாய் திறக்கக் கூடாது. ஆடுபவர் எங்கே திணறுகிறார், எங்கே சிரிக்கிறார், எந்த இடத்தில் எழுந்து போகிறார் என்பதை அவர் தம் கண்ணாலேயே காண வேண்டும். இணையத்தில் ஏற்றினால் எத்தனை பேர் இறக்கிக்கொண்டனர் என்பது தெரியும், முகம் தெரியுமா? கோலப் புள்ளிகளை இணைக்கும் விளையாட்டொன்றை முதலாண்டு மாணவி ஒருவர் கொண்டுவந்திருந்தார். தமிழறியாத பஞ்சாபி நண்பர் ஒருவர் அரைமணி நேரம் அதைவிட்டு எழவில்லை. அப்பெண்ணுக்கு எந்தக் கைத்தட்டல் அதற்கு ஈடாகும்?

தமிழுக்கும் இதற்கும் என்ன உறவு என்பார்க்கு ஒன்று சொல்வேன். விளையாட்டு ஆக்குவதற்கென்று இலவசமாகக் கிடைக்கும் ‘கோடோ’ மென்பொருளின் பழைய பதிப்புகளில் ‘கெ’ என்று எழுதினால், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 2023-இல் வந்த நான்காம் பதிப்பில்தான் அது சீர்பட்டது. தமிழைத் திரையில் ஏற்றிப் பார்ப்பவர் இல்லையென்றால், இத்தகைய குறை இருப்பதே எவருக்குத் தெரியும்? அதே 2023-இல் டொராண்டோவிலுள்ள சிறு குழு ஒன்று ‘வெண்பா’வை வெளியிட்டது. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையே அதன் களம். இட்லி அவித்தபடியே கதை நகரும். மறு ஆண்டு, முதற்படைப்புக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது. ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு அக்கதை அந்நியமா?

இப்போது நம் செயற்குழுவில் ஒரு யோசனை உலவுகிறது. அடுத்த ஆண்டு பெரிய அரங்கம், விளம்பரதாரர், முதற்பரிசு, தலைமை தாங்கத் திரைத்துறைப் பிரமுகர்! நல்லெண்ணத்தில் எழுந்ததே, ஆனாலும் நான் எதிர்க்கிறேன். பரிசு என்று அறிவித்தவுடன், அரைகுறையாகச் செய்து வைத்திருப்பவன் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவான். நமக்கு வேண்டியவன் அவன்தானே? அந்தக் கோல விளையாட்டிலும் அன்று பாதிக் கோலங்கள்தாம் முடிந்திருந்தன.

வரும் பொதுக்குழுவில் அந்த யோசனைக்கு எதிராகவே கை தூக்குவேன். செயலாளர் அவர்கள் அரங்கத்துக்கென ஒதுக்கும் பணத்தில், மின்வடம் இரண்டு மட்டும் வாங்கித் தரட்டும். சென்ற முறை ஒன்றுதான் இருந்தது. அதுவும் தேநீர் பாய்லருக்குப் போய்விட்டது.