மெரினாவில் பாதை உண்டு. மெரினாவுக்குப் பாதை உண்டா?

2022 நவம்பர் இறுதியில் சென்னை மெரினாவில் 263 மீட்டர் நீள மரப்பாதை திறக்கப்பட்டது. அதுவரை டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டிச் சில நாட்களுக்குத் தற்காலிகப் பாதை போடுவார்கள், பிறகு கழற்றிவிடுவார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு ஆண்டில் சில நாட்கள் மட்டும்தான் கடல்! நிரந்தரப் பாதை வந்த இரண்டு வாரத்திற்குள் மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. பிறகு சரிசெய்தார்கள். ஆனாலும் கேள்வி முடியவில்லை.

நெல்லையிலிருந்தோ நாகையிலிருந்தோ குடும்பத்தோடு வரும் ஒரு மாற்றுத்திறனாளி, எழும்பூரில் இறங்கி அந்த மரப்பாதை வரை எப்படிப் போவார்? ரயில் பெட்டியின் படி, நிலைய வாசல், பேருந்து, நடைபாதை, தங்கும் விடுதி, கழிப்பறை என இத்தனையும் சரியாக இருந்தால்தான் பயணம். ஒன்று தவறினாலும் மற்றவை வீண். 2024 ஆகஸ்டில் சென்னையில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. நீதிமன்றம் வரை போய்ப் பெற்ற வசதி அது. ஆனால் ஓட்டுநர் நடைபாதையை ஒட்டி நிறுத்தினால்தான் சாய்தளத்தை இறக்க முடியும். அங்கே ஆட்டோவும் தள்ளுவண்டியும் நின்றால் பல லட்ச ரூபாய் பேருந்தாலும் பயனில்லை.

சட்டத்தில் குறை சொல்ல அதிகமில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் பார்வை, செவி, அறிவுசார் குறைபாடு உட்பட 21 வகைகளை அங்கீகரிக்கிறது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை, விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்கிறது. விதிகள் வந்தது 2017 ஜூனில். அந்தக் கெடு 2022லேயே முடிந்துவிட்டது. 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரைகளாக வைத்திருந்த 15(1) விதியைச் செல்லாது என அறிவித்து, கட்டாயத் தரங்களை மூன்று மாதத்தில் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. பரிந்துரை என்றால் நம் அதிகாரிகள் என்ன செய்வார்கள் என்பது நீதிபதிகளுக்கும் தெரிந்திருக்கிறது.

"பழைய கட்டடம், தொடக்கூடாது" என்பது அடிக்கடி கேட்கும் பதில். இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் ரோமானியர் கால அடித்தளமுள்ள மதில் இருக்கிறது, இடைக்காலத்து இரண்டடுக்குக் கடைவீதி இருக்கிறது. சாய்தளங்களும் மின்தூக்கியும் அமைத்து, 2017க்கான ஐரோப்பிய அணுகல் நகர விருதை அந்நகரம் பெற்றது. மதில் இடியவில்லை. வெளியூர் மக்கள் திரளும் நம் பள்ளிவாசல்கள், தர்காக்கள், கோயில்கள், தேவாலயங்களின் நிர்வாகிகளும் தங்கள் வாசல் படிகளை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

செலவே இல்லாத வேலையும் ஒன்று உண்டு. சுற்றுலாத் துறையும் விடுதிகளும் தங்கள் இணையதளங்களில் உண்மையைச் சொல்லட்டும்: வாசலில் எத்தனை படி, கழிப்பறைக் கதவின் அகலம் எத்தனை சென்டிமீட்டர், மின்தூக்கி இன்று ஓடுகிறதா, சைகை மொழி தெரிந்த ஊழியர் இருக்கிறாரா. "அனைத்து வசதிகளும் உண்டு" என்ற ஒற்றை வரியை நம்பி வந்து, வாசலில் மகன் தோளில் தூக்கிப் போகும் நிலை எந்தத் தந்தைக்கும் வேண்டாம்.