மூலைக்கு மூலை அளந்தால் போதுமா?

பெரிய திரையுள்ள டேப்லெட் கம்ப்யூட்டர் வாங்கக் கடைக்குப் போகிறவர் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை அங்குலம்?" என்பதே. கடைக்காரரும் தயங்காமல் ஓர் எண்ணைச் சொல்லிவிடுகிறார். எண் பெரிதானால் பயனும் பெரிது என்று நம்பிப் பணத்தை எண்ணி வைக்கிறோம். அந்த எண் எதை அளக்கிறது என்று விசாரிப்பவர் எத்தனை பேர்?

அது திரையின் அகலமும் அல்ல, நீளமும் அல்ல. ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குள்ள தூரம். 2024-ல் வெளிவந்த இரண்டு டேப்லெட்டுகளை எடுத்துக்கொள்வோம். ஆப்பிள் ஐபேட் புரோவின் பெரிய மாடலுக்கு 13 அங்குலத் திரை; சாம்சங் கேலக்ஸி டேப் எஸ்10 அல்ட்ராவுக்கு 14.6 அங்குலம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால், இரண்டிலும் குறுகிய பக்கம் ஏறக்குறைய 7¾ அங்குலந்தான்! நீண்ட பக்கம் முன்னதில் சுமார் 10.4 அங்குலம், பின்னதில் 12.4. அதிகப்படியான அளவெல்லாம் நீளத்திலேயே போய்ச் சேர்ந்திருக்கிறது. படுக்கை வாட்டில் வைத்துச் சினிமா பார்ப்பவருக்கு அது லாபம். நிமிர்த்திப் பிடித்துப் பாடம் படிக்கும் மாணவனுக்கோ வரியின் அகலம் சிறிதும் கூடவில்லை. கையில் சுமைதான் கூடுகிறது. வைஃபை மாடல்களில் முன்னது 579 கிராம். பின்னது 718 கிராம்.

பாட்டரி விஷயமும் இப்படித்தான். சாம்சங் 11,200 மில்லியாம்பியர்-மணி என்கிறது, ஆப்பிள் 38.99 வாட்-மணி என்கிறது. பெரிய எண்ணைக் கண்டு மயங்குவது, படியால் அளந்த நெல்லையும் தராசில் நிறுத்த நெல்லையும் எண்ணிக்கை பார்த்து ஒப்பிடுவதற்குச் சமம். ஆம்பியர்-மணியை வோல்ட் அளவால் பெருக்கினால்தான் வாட்-மணி கிடைக்கும்.

ஊருக்கு ஒரு படி, கடைக்கு ஓர் எடை என்றிருந்த குழப்பத்தை ஒழிக்க நம் நாட்டில் 1956-ல் சட்டம் இயற்றப்பட்டது. 1958 முதல் மெட்ரிக் அளவுகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. அரிசிக்கும் துணிக்கும் கிடைத்த நியாயம் இந்தச் சாமான்களுக்கும் வேண்டாமா? திரையின் நீளம், அகலம், மொத்த எடை, பாட்டரியின் வாட்-மணி ஆகிய நான்கையும் எல்லாக் கம்பெனிகளும் ஒரே முறையில், பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட வேண்டும்.

அதுவரை, பிள்ளையின் படிப்புக்கென்று மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கப் போகும் பெற்றோர், ஓர் அளவுகோலையும் கையோடு எடுத்துச் செல்லட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.