சிலந்தி ஆற்றுத் தடுப்பணை: கணக்கில் வராத தைல மரக்காடு

புது தில்லி: இடுக்கி மாவட்டம் வட்டவடை அருகே சிலந்தி ஆற்றின் குறுக்கே கேரள அரசு தடுப்பணை கட்டிய விவகாரம், 2024 மே மாதத்தில் இரு மாநிலங்களுக்கும் இடையே கடிதப் போராக மாறியது. தமிழகத்துக்கோ காவிரி நீர் மேலாண்மை ஆணையத்துக்கோ திட்ட விவரம் தரப்படவில்லை என்றும், பணியை நிறுத்த வேண்டும் என்றும் தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலின் கேரள முதல்வர் பினராயி விஜயனுக்குக் கடிதம் எழுதினார். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு தாமாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அது அணையல்ல, குடிநீருக்கான சிறு தடுப்பு மட்டுமே என்பது கேரளத்தின் விளக்கம்.

அதே மே மாதத்தில் திருவனந்தபுரத்தில் பிறப்பிக்கப்பட்ட மற்றோர் உத்தரவு, தமிழகத்தின் கவனத்தை அந்த அளவுக்கு ஈர்க்கவில்லை. கேரள வன வளர்ச்சிக் கழகம் தனது தோட்டங்களில் யூகலிப்டஸ் எனும் தைல மரத்தை நடுவதற்கு வனத்துறை அனுமதி அளித்தது. அந்நிய மரங்களை அகற்றி இயற்கைக் காட்டை மீட்போம் என்று 2021-ல் அறிவித்த அரசே இவ்வாறு செய்யலாமா என்று சூழல் ஆர்வலர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். இருக்கும் மரங்களை வெட்டலாம், புதிதாக நடக்கூடாது என்று உத்தரவு திருத்தப்பட்டது.

அந்த உத்தரவு வட்டவடைக்கு மட்டும் உரியதல்ல. எனினும், தண்ணீரைப் பொறுத்தவரை இரண்டு விவகாரங்களையும் பிரித்துப் பார்க்க இயலாது.

கேரளத்திலிருந்து கிழக்கு நோக்கிப் பாயும் ஆறுகள் மூன்று: கபினி, பவானி, பாம்பாறு. இவற்றில் பாம்பாறு படுகையில் அமைந்தவை மறையூர், காந்தளூர், வட்டவடை ஆகிய மலைக் கிராமங்கள். இங்கிருந்து இறங்கும் நீரே உடுமலைப்பேட்டை அருகே 1957-ல் கட்டி முடிக்கப்பட்ட அமராவதி அணைக்கு முக்கிய ஆதாரம். கல்லாபுரம், குமரலிங்கம் பகுதிகளின் பழைய ஆயக்கட்டு தொடங்கி கரூர் வரை 50 ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் அந்த அணையை நம்பியுள்ளது. காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5-ல் அளித்த இறுதித் தீர்ப்பில் கேரளத்துக்கு 30 டிஎம்சி ஒதுக்கியது. அதில் பாம்பாறு பங்கு 3 டிஎம்சி. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் கேரளத்தின் ஒதுக்கீட்டில் கைவைக்கவில்லை.

இந்தக் கணக்கு முழுவதும் அணை, கால்வாய், பாசனப் பரப்பு, குடிநீர் ஆகியவற்றைக் கொண்டே போடப்பட்டது. மலைச்சரிவில் நிற்கும் தொழிற்சாலை மரம் எவ்வளவு குடிக்கிறது என்பதற்கு அதில் தனி வரி இல்லை.

மூணாறு மலைகளில் தேயிலை ஆலைகளின் விறகுக்காக வந்த மரம் இது. பின்னர் காகிதக் கூழுக்குத் தேவை பெருகியது. கோழிக்கோடு அருகே மாவூரில் இயங்கிய ரேயான் கூழ் ஆலை 2001-ல் மூடப்பட்டது. மத்திய அரசு நிறுவனமாகக் கோட்டயம் மாவட்டம் வெள்ளூரில் 1982-ல் உற்பத்தியைத் தொடங்கிய செய்தித்தாள் காகித ஆலை நொடித்துப்போய், மாநில அரசின் கைக்கு மாறி, 2022-ல் மீண்டும் இயங்கத் தொடங்கியது. வட்டவடையில் 'கிராண்டிஸ்' என்றே அழைக்கப்படும் இந்த மரம் வனத்துறை நிலத்தோடு நிற்கவில்லை. பூண்டும் உருளைக்கிழங்கும் விளைந்த தனியார் நிலங்களிலும் பரவியது. 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு விளையும் ஊர் இது. பூண்டுக்கு நீரும் ஆளும் வேண்டும். கிராண்டிசுக்கு இரண்டும் வேண்டாம். வெளியூரில் இருந்துகொண்டே நில உரிமையாளர் வெட்டி விற்கலாம்.

சோலையும் புல்வெளியும் மழையைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்து, கோடையில் ஊற்றாக விடுபவை. ஆழ வேர்விட்டு ஆண்டு முழுவதும் வளரும் தைல மரம் அந்தச் சேமிப்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. இதற்கு ஆதாரம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. நீலகிரி மாவட்டம் கிளன்மார்கனில் உதகை மண், நீர்வள ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் புல்வெளியாகவே விடப்பட்ட ஒரு நீர்ப்பிடிப்பையும், தைல மரம் நட்ட மற்றொன்றையும் இருபது ஆண்டுகள் அருகருகே அளந்தனர். முதல் பத்தாண்டுச் சுற்றில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய அடிமரம் மீண்டும் துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் குறைவு சுமார் 25 சதவீதம். கோடைகால ஓட்டத்தின் சரிவு இதைவிடக் கடுமை.

மழை மறைவுப் பகுதியான மறையூர் வட்டாரத்துக்கு இந்த விகிதத்தை அப்படியே பொருத்த முடியாது. மரமும் வேறு வகை. ஆனால், வெட்டுவதால் மட்டும் பயனில்லை, அடிக்கட்டையையும் அகற்ற வேண்டும் என்பதை அந்த ஆய்வு உணர்த்துகிறது. செங்குத்துச் சரிவில் ஒரே மூச்சில் வெட்டினாலோ, மழைநீர் மண்ணோடு ஓடி அமராவதி அணையில் வண்டலாகச் சேரும். பகுதி பகுதியாக வெட்டி, புல் பிடித்த பிறகே அடுத்த சரிவுக்குப் போக வேண்டும்.

தென்னாப்பிரிக்கா இந்தச் சிக்கலைச் சட்டத்திலேயே எதிர்கொண்டது. அந்நாட்டின் 1998-ஆம் ஆண்டு தேசிய நீர்ச் சட்டம், வணிக மரத்தோட்டத்தை 'நீரோட்டத்தைக் குறைக்கும் செயல்' என்று வகைப்படுத்தி, உரிமம் பெறச் செய்தது. நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டு மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்த் தகராறு சட்டத்தில் இத்தகைய பார்வை இல்லை. மேல்மாநிலம் ஒரு சிறு தடுப்பைக் கட்டினால் வழக்கு. ஒரு மலையையே தைலத் தோட்டமாக்கினால் வழக்கில்லை.

வட்டவடை மக்களிலும் பெரும்பாலோர் தமிழர்களே. கோடையில் குடிநீருக்குத் தவிப்பவர்கள் அவர்கள்தாம். 2006-ல் அறிவிக்கப்பட்ட குறிஞ்சிமலை சரணாலயத்தின் எல்லையும் பட்டாத் தகராறும் தீராத நிலையில், மரத்தை வெட்ட விரும்பும் சிறு விவசாயிக்கும் அனுமதி எளிதல்ல. வெட்டி, வேரகற்றி, மீண்டும் பயிர் செய்யும் வரை வருமானத்துக்கு அவர் எங்கே போவார் என்ற கேள்விக்கு இரு மாநிலங்களின் கடிதங்களிலும் பதில் இல்லை.

இதற்கு முன்னுதாரணம் பாலக்காடு எல்லையில் இருக்கிறது. கோவையின் குடிநீருக்காகக் கட்டப்பட்ட சிறுவாணி அணை கேரள மண்ணில் உள்ளது. கட்டுமானச் செலவு தமிழகத்தினுடையது. பராமரிப்புக்கும் தமிழகம் பணம் தருகிறது. அட்டப்பாடியில் பவானியின் குறுக்கே கேரளம் எழுப்பிய தடுப்பணைகளால் 2017-ல் பூசல் மூண்டபோதும் அந்த ஏற்பாடு குலையவில்லை. நீர் தரும் மலையைக் காக்கக் கீழ்மாநிலம் செலவிடலாம் என்றால், பாம்பாறு படுகையில் தைல மரத்தை அகற்றும் விவசாயிக்கான இழப்பீட்டில் தமிழகம் பங்கேற்பதும், கூடுதலாக வரும் நீரை இருவரும் அளந்து பகிர்வதும் நடக்கக் கூடியதே. நடுவர் மன்றத் தீர்ப்பின் விதிகளைத் தமக்குள் உடன்பட்டு மாற்றிக்கொள்ள மாநிலங்களுக்குத் தடையும் இல்லை. அதற்கு முதலில் பாம்பாற்றின் மேற்பகுதியில் எத்தனை ஏக்கரில் தைல மரம் நிற்கிறது என்பதை இரு மாநில அதிகாரிகளும் சேர்ந்து நடந்து அளக்க வேண்டியிருக்கும்.